ட்ரே ஒன்றுதான், நேரம் ஒன்றல்ல: காய்-பழ ரோஸ்ட் காலை உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயையும் பழத்தையும் ஒரே ட்ரேயில் ரோஸ்ட் செய்து காலையில் சாப்பிடுவதை எனக்குத் தெரிந்த பலர் இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் எல்லாமே எனக்குப் பழக்கமான தவறுகள். ஆரம்பத்தில் நானும் செய்தவைதான். கருகிப்போனது, உப்பு கூடிப்போனது மாதிரி யாருக்கும் தானாகவே புரிந்துவிடுகிற விஷயங்களை விட்டுவிடுகிறேன். ஏன் சொதப்பியது என்று கடைசிவரை புரியாமலே போகிற தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒன்றைப் பற்றி நிறையவே சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ட்ரேயில் கொட்டுவது

தோழி ஒருத்தி ஆசையாகக் கூப்பிட்டாள் என்று ஒரு நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், வெங்காயம், அன்னாசி, பிளம், வாழைப்பழம் எல்லாவற்றையும் அழகாக வெட்டி, ஒன்றாகக் கலந்து, ஓவனுக்குள் வைத்துவிட்டாள். 200 டிகிரி, 40 நிமிடம். வெளியே வந்தபோது வாழைப்பழம் கூழாகியிருந்தது. பிளம் தோல் மட்டும் மிஞ்சியது. ட்ரேயின் ஓரமெல்லாம் பழச்சாறு கருந்தாராக உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கேரட்டைக் கடித்தால் நடுவில் பச்சையாக, நறுக்கென்று இருந்தது. "ஒரே ட்ரேல எல்லாத்தையும் போடணும்னுதானே போட்டிருந்தது?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. பட்டியலைக் கொடுத்து, "அனைத்தையும் கலந்து ஓவனில் வைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற சமையல் குறிப்புகள் மேல்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு கிலோ நல்ல காயும் பழமும், ஒரு மணி நேர உழைப்பும் அந்த ஒரு வரியால் வீணாகிறது. அதன் பிறகு, ஓவனில் ரோஸ்ட் செய்வதே தனக்கு வராது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுதான் பெரிய நஷ்டம்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, ஓவன் எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த இடம் கிட்டத்தட்ட 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஆனால் நாம் விரும்புகிற அந்தப் பொன்னிறமும் வறுத்த வாசனையும் வேகமாக உருவாக ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வேண்டும். பழத்தில் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். ஆப்பிளில் எடைக்கு 85 சதவீதம், ஸ்ட்ராபெரியில் 90 சதவீதம். சூடு பட்டதும் பழம் உடைந்து சாறு விடும். பக்கத்தில் இருக்கிற காய்கள் அந்தச் சாற்றில் நின்று வேகும். அது ரோஸ்ட் அல்ல, அவியல்.

அப்புறம் அந்தச் சாறு வற்றத் தொடங்கும். பழத்தில் இருக்கிற ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். நாம் வீட்டில் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரைக்கு 160 டிகிரி வேண்டும். ஆகவே காய் மேலே இன்னும் வெளுத்துக் கிடக்கும்போதே, கீழே ஓடிய சாறு கருகிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது சூட்டில் கரைந்தால்தான் காய் மென்மையாகும். புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்திவிடும். அன்னாசிச் சாறும் பிளம் சாறும் பட்ட கேரட் ஏன் நறுக்கென்றே இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேகவில்லையே என்று இன்னும் 15 நிமிடம் வைத்தால், பழம் முழுக்கக் கரியாகும். கேரட் அப்போதும் பிடிவாதம் பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றை ஆரம்பத்திலேயே பிழிகிறவர்களுக்கும் இதே கதைதான். அதை மேசைக்கு வந்த பிறகு பிழியுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? ட்ரே ஒன்றுதான். ஆனால் உள்ளே போகும் நேரம் வேறு வேறு. 200 டிகிரியில் நான் பின்பற்றும் கணக்கு இது. ஏறக்குறைய 2 செ.மீ. துண்டுகளாக வெட்டிய சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட்டுக்கு 30 முதல் 35 நிமிடம் வரை வேண்டும், பீட்ரூட் சில சமயம் அதற்கு மேலும் கேட்கும். வெங்காயம், காலிஃப்ளவர் 25. குடைமிளகாய், காளான் 20. கெட்டியான ஆப்பிள், பேரிக்காயைப் பெரிய துண்டுகளாக வெட்டினால் 15 முதல் 20. பிளம், பீச் 12 முதல் 15. திராட்சை, ஸ்ட்ராபெரி 10. வாழைப்பழத்துக்கு 8 நிமிடமே தாராளம். தக்காளியைக் காயாக நினைக்காதீர்கள். சாறும் புளிப்பும் உள்ளதால் இந்தக் கணக்கில் அது பழக் கட்சி, கடைசி 15 நிமிடத்தில்தான் உள்ளே போக வேண்டும்.

கடைசியில் எல்லாம் ஒன்றாக வெளியே வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முதலில் கெட்டிக் காய்களை ட்ரேயில் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் பரப்புங்கள். மிச்சம் ஒரு பங்கு பழத்துக்கான இடம். அது காலியாகக் கிடக்கிறதே என்று நிரப்பிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மென்மையான காய்கள் போகட்டும். பழத்தின் முறை வரும்போது காய்களின் அடிப்பக்கம் நிறம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கடிகாரம் என்ன சொன்னாலும் பழத்தைப் போடாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பிளம், பீச்சை வெட்டிய முகம் மேலே பார்க்கிற மாதிரி வையுங்கள். கொட்டை எடுத்த குழியிலேயே சாறு தேங்கி நிற்கும், ட்ரேயில் ஓடாது. ஒவ்வொரு முறையும் ட்ரேயை முழுக்க வெளியே எடுத்து, ஓவன் கதவை உடனே சாத்திவிட்டு, அப்புறம் வேலையைச் செய்யுங்கள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டு அடுக்கினால் சூடெல்லாம் போய்விடும், கையும் சுடும்.

இதற்குக் குறுக்கு வழியாகச் சிலர் காயைப் பொடியாகவும் பழத்தைப் பெரிதாகவும் வெட்டி ஒன்றாகவே வைத்துவிடுவார்கள். நேர வித்தியாசம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் சாறும் புளிப்பும் போகாதே. ஆப்பிள் மாதிரி கெட்டிப் பழத்துக்கு மட்டும் அந்த வழி ஓரளவு ஒத்துவரும்.

சர்க்கரைவள்ளிக்கு முழு நேரம் கொடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு நொதி, கிழங்கு 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை சூடேறும் கட்டத்தில் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் அந்தக் கட்டம் சட்டென்று தாண்டிவிடும், இனிப்பு குறையும். நிதானமாக வெந்த கிழங்குக்குத் தேனே தேவைப்படாது.

ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிட்டு, பாதியில் இதைப் படிக்கிறீர்களா? பழங்களைக் கரண்டியால் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். ட்ரேயில் தேங்கிய சாற்றையும் அதிலேயே வடித்துவிடுங்கள். காய்களை மட்டும் பரப்பி மறுபடி வைத்து, வெந்து நிறம் பிடித்ததும் எடுத்து, பழத்தையும் சாற்றையும் மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள். இந்த வழியில் நிறைய ட்ரேக்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

நெருக்கி அடுக்குவது

துண்டுகளுக்கு இடையே விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ஆவி வெளியேற வழியில்லாமல் எல்லாம் புழுங்கிவிடும். 46-க்கு 33 செ.மீ. அளவுள்ள பெரிய ட்ரேயில்கூட ஒரு கிலோவுக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. வீட்டில் ஆள் அதிகமா? இரண்டு ட்ரே வையுங்கள், பாதி நேரத்தில் மேல் தட்டையும் கீழ் தட்டையும் இடம் மாற்றுங்கள். ஆழமான கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். அதன் உயரமான சுவர் ஆவியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கண்ணாடி சூடாகவும் நேரமாகும். குட்டையான விளிம்புள்ள உலோக ட்ரேதான் இதற்குச் சரி.

கழுவிய ஈரத்தோடு வைப்பது

துணியால் ஒற்றி எடுங்கள். காளானை ரொம்ப நன்றாக.

எண்ணெயை ட்ரேயில் ஊற்றுவது

ட்ரேயில் ஊற்றினால் ஒரு மூலையில் தேங்கும், பாதிக் காய் வறண்டுபோகும். கிண்ணத்தில் காயைப் போட்டு, அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் விட்டு, கையால் பிசறுங்கள். பழத்துக்குத் தனியாக எண்ணெய் வேண்டியதில்லை. அந்தக் கிண்ணத்தில் ஒட்டியிருப்பதே போதும்.

உப்பு எப்போது

கிழங்குக்கும் கேரட்டுக்கும் ஆரம்பத்தில் போடலாம். காளான், சுக்கினி (வெள்ளரி மாதிரி நீளமான காய்), தக்காளிக்கு முன்கூட்டியே போட்டுவைத்தால் உப்பு அவற்றின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும், மறுபடியும் அவியல்தான். அவற்றுக்கு இறக்கும்போது தூவுங்கள்.

தேன்

கடைசி 5 நிமிடம். அதற்கு முன் வேண்டாம்.

ஓவன் காட்டும் எண்ணை அப்படியே நம்புவது

வீட்டு ஓவன்கள் பலவற்றில் திருகியில் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஓவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மின்விசிறியோடு வரும் ஓவன் என்றால், குறிப்பில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து வையுங்கள். சூடேறிவிட்டது என்று காட்டும் விளக்கு அணைந்ததும் ட்ரேயை உள்ளே வைத்துவிடாமல் இன்னும் ஐந்து, பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் காற்றுதான் சூடாகும், ஓவனின் சுவர்கள் சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ட்ரேயை நடுவுக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் அடிப்பக்கம் நன்றாக நிறம் பிடிக்கும்.

கிளறிக்கொண்டே இருப்பது

ஒரே ஒரு முறை. அதுவும் பழம் போடுவதற்கு முன்.

தவறான தாள்

ட்ரேயில் விரிக்கும்போது மெழுகுத்தாளையும், ஓவன் சூட்டைத் தாங்குகிற பார்ச்மென்ட் தாளையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். மெழுகுத்தாள் ஓவனில் புகையும், மெழுகு உருகி உணவில் ஒட்டும். பார்ச்மென்ட் தாளுக்கும் ஒரு சூட்டு வரம்பு உண்டு, பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 220 டிகிரி வாக்கில் இருக்கும். அலுமினிய ஃபாயிலைப் புளிப்புப் பழத்துக்கு அடியில் விரிக்காதீர்கள். அமிலமும் உப்பும் சேர்ந்து அதை அரிக்கும், உலோகச் சுவை பழத்தில் ஏறும்.

முட்டையைச் சீக்கிரம் உடைப்பது

முட்டை சேர்க்கிறீர்கள் என்றால், காய்கள் இருக்கிற பக்கத்தில் குழி செய்து கடைசி 6 முதல் 8 நிமிடத்தில் உடைத்து ஊற்றுங்கள். பழச்சாறு ஓடுகிற பக்கம் வேண்டாம், வெள்ளைக்கரு சாற்றோடு கலந்து திட்டுத் திட்டாகிவிடும். வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65 முதல் 70-க்குள் கெட்டியாகிவிடும். இடைவெளி அவ்வளவு குறைவு. வெளியே எடுத்த பிறகும் ட்ரேயின் சூட்டில் முட்டை வெந்துகொண்டே இருக்கும். அதனால் மஞ்சள்கரு இளகலாக வேண்டும் என்பவர்கள் வெள்ளை லேசாக அசையும்போதே எடுத்துவிடுங்கள்.

முந்தின இரவே எல்லாவற்றையும் வெட்டிவைப்பது

கெட்டிக் காய்களை வெட்டி மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். உருளைக்கிழங்கைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள், காலையில் துடைத்துவிடுங்கள். உப்பும் எண்ணெயும் காலையில்தான். பழத்தை இரவே வெட்டக் கூடாது. கறுத்துப்போகும் என்பதற்காகச் சொல்லவில்லை, ரோஸ்ட் செய்தால் அந்த நிறம் தெரியவே தெரியாது. இரவு முழுக்கச் சாறு விட்டுத் தளர்ந்துபோன பழம் ட்ரேயில் உருவம் நிற்காது என்பதுதான் காரணம். காய்கள் வேகிற அந்த முதல் 15 நிமிடம் பழம் வெட்டத் தாராளமாகப் போதும்.

மிஞ்சியதைக் கலந்தே எடுத்துவைப்பது

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், காயும் பழமும் தனித்தனி டப்பாவில். காயைக் காய்ந்த வாணலியில் சூடேற்றினால் பழைய மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும், மைக்ரோவேவில் திரும்பாது. பழத்தைச் சூடேற்றவே வேண்டாம், குளிராகவே தயிரிலோ ஓட்ஸிலோ போட்டுச் சாப்பிடலாம்.