வெளிநாட்டுப் படிப்பு: பலனைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

வெளிநாட்டில் படித்தால் என்ன லாபம் என்று கேட்டால் எல்லோரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள்: நல்ல ஆய்வகம், பெரிய பேராசிரியர்கள், வேலைவாய்ப்பு, பல நாட்டு நட்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் விமானம் ஏறிவிட்டால் தானாக வந்து சேருபவை அல்ல. ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரில் ஒருவர் இத்தனையையும் அள்ளிக்கொண்டு வருவார். இன்னொருவர் கையில் சான்றிதழ் மட்டும் இருக்கும்.

கோளாறு விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. தரவரிசையைப் பார்த்து மேலிருந்து பத்துப் பெயருக்கு விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அதிக மதிப்பெண் கல்வியாளர்களிடம் கேட்டு வாங்கும் அபிப்பிராயத்துக்குத்தான். வகுப்பில் யார், எப்படிப் பாடம் எடுக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அதற்குத் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து, விருப்பப் பாடங்கள் என்னென்ன, எடுப்பவர் சமீபத்தில் என்ன ஆய்வு செய்திருக்கிறார் என்று ஒரு மாலை செலவழித்துப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் இதைச் செய்து தருவார் என்று நம்பாதீர்கள். பல ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் கொடுப்பதே பல்கலைக்கழகம்தான்.

மருத்துவம், சட்டம், கட்டடக்கலை படிப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். தொழில் செய்யப்போகும் நாட்டில் அந்தப் பட்டம் செல்லுமா, தனியாக உரிமத் தேர்வு எழுத வேண்டுமா? பொறியியலுக்கு, ஒரு நாட்டுப் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தம் இருக்கிறது; 1989-இல் கையெழுத்தானது. ஆனால் அது பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொருந்தாது. அங்கீகாரம் பெற்ற தனித்தனிப் படிப்புகளுக்குத்தான். சேர்ந்த பிறகு விசாரித்துப் பயனில்லை.

அடுத்து பணம். 'பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்' என்ற கணக்கு பெரும்பாலும் உதைக்கும். ஆஸ்திரேலியாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்குள்ளேயே வாரம் 20 மணி நேரம். முதல் ஆண்டில் வெளியே வேலை கிடையாது. இந்த வருமானம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும், கட்டணத்துக்கு எட்டாது. 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பதும் பாதிதான். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அதுபோக, ஓராண்டுச் செலவுக்கான தொகை இருப்பதை விசாவுக்கு முன்பே காட்டவும் வேண்டும்.

இவ்வளவையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தபின் நடக்கும் தவறுதான் என் கணக்கில் பெரியது: ஆசிரியரை அணுகாமல் இருப்பது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே பேராசிரியர் நேரம் ஒதுக்குவார். பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். அந்த நேரத்தில் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார், தேர்வு வாரம் தவிர மற்ற நாட்களில் ஆளே வராது. 'தொந்தரவு செய்வானேன்' என்று தயங்குகிறோம். அவருக்கோ அது வேலையின் ஒரு பகுதி. திருத்தித் தந்த கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பைக் காட்டி, 'இந்த வாதம் எங்கே பலவீனமாக இருக்கிறது?' என்று கேட்டால் போதும். நூறு பேர் வகுப்பில் உங்கள் முகம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆய்வு உதவியாளர் வேலை பல சமயம் இந்தப் பேச்சிலிருந்துதான் கிளம்புகிறது. பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான்; முகம் தெரியாத மாணவரைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன எழுதுவார்?

வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதும் இதே ரகம். அடக்கம் என்று நாம் நினைப்பதை, தயாரிப்பில்லாமல் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். கலந்துரையாடலுக்கே மதிப்பெண் உள்ள பாடங்கள் நிறைய உண்டு.

சொந்த மொழிக்காரர்களோடு மட்டுமே பழகுவதை எல்லோரும் திட்டுவார்கள். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். புது ஊரில் முதல் சில வாரம் அவர்கள்தான் கைகொடுப்பார்கள். குழு வேலைக்கு ஆள் சேர்க்கும்போதாவது வேறு நாட்டவரோடு சேருங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் என்பதற்காக உள்ளூர் மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். வாடகை ஒப்பந்தமும் நேர்முகத் தேர்வும் பல இடங்களில் அந்த மொழியில்தான்.

'படிப்பு முடியட்டும், அப்புறம் வேலை தேடலாம்' என்று இருப்பவர்களுக்கு விசா விதி காத்திருக்காது. அமெரிக்காவில் படிப்புக்குப் பிந்தைய ஓபிடி என்ற வேலை அனுமதிக்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அனுமதி 12 மாதம். அதில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்துக்கு முதல் செமஸ்டரிலேயே போனால் வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயைத் திருத்தித் தருவார்கள், மாதிரி நேர்முகத் தேர்வும் வைப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.