இறக்குமதித் தாவரப் பால் பானங்கள்: ஒவ்வாமைச் சோதனையும் துறைமுகத் தணிக்கையும்

புதுச்சேரியில் கடை நடத்தும் ஒருவர் ஓட்ஸ் பானத்தையோ பாதாம் பானத்தையோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், சரக்கு பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்கும். ஆனால் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் இறக்குமதியாளர் குறியீட்டு எண்ணையும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மத்திய உரிமத்தையும் பெறுங்கள்.

அடுத்தது லேபிள். 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குளூட்டன் (கோதுமை, பார்லி முதலியவற்றில் உள்ள புரதம்) உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் போன்ற ஓடுடைய நீர்வாழ் உயிரிகள், நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட் (உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) ஆகியவற்றைத் தனியே அறிவிக்க வேண்டும். கடலூர்ப் பக்கத்து மல்லாட்டையும் (நிலக்கடலை) பண்ருட்டி முந்திரியும் இப்பட்டியலில் ஒரே வகையல்ல: முன்னது பயறு இனம், பின்னது கொட்டைப் பருப்பு. "லாக்டோஸ் இல்லை" என்ற வரியையும் நம்பி ஏமாற வேண்டாம். லாக்டோஸ் பாலின் சர்க்கரை, ஒவ்வாமையைத் தூண்டுவதோ கேசின் முதலிய பால் புரதங்கள். இறக்குமதியாளர் முகவரி, உரிம எண், சைவக் குறி போன்ற சிலவற்றைச் சுங்கக் கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தலாம். ஒவ்வாமை அறிவிப்பு அந்தச் சலுகையில் அடங்காது.

மூன்றாவது படிக்குத்தான் அதிகக் கவனம் தேவை. உங்கள் பானம் ஓடும் அதே குழாயில் முந்தைய நாள் பசும்பால் ஓடியதா என்று தயாரிக்கும் ஆலையைக் கேளுங்கள். பிறகு உங்களுக்கு வரவிருக்கும் தொகுதிக்கே உரிய எலிசா சோதனை அறிக்கையை வாங்குங்கள். எலிசா முறை குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்புடல் கொண்டு பிடித்து அளக்கிறது. ஆகவே எந்தப் புரதத்துக்கான சோதனை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடும் வெப்பத்தில் பதப்படுத்திய பானங்களில் புரதம் உருமாறிவிடுவதால் உள்ளதைவிடக் குறைவான அளவு காட்டக்கூடும். எனவே அந்த வகைப் பானத்துக்குச் சரிபார்க்கப்பட்ட முறைதானா என்றும் விசாரியுங்கள். ஓட்ஸில் கலந்த பார்லி, கோதுமை மணிகள் சீராகப் பரவியிருக்காது. ஒரே பெட்டியில் எடுத்த மாதிரி முழுச் சரக்குக்கும் சாட்சியாகாது. "குளூட்டன் இல்லாதது" என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

சரக்கு வந்தபின், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி ஆவணங்களையும் லேபிளையும் மீதமுள்ள ஆயுளையும் பார்ப்பார். மொத்த ஆயுளில் 60 விழுக்காடு அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இவற்றுள் எது குறைவோ அது மிஞ்சியிருக்க வேண்டும். மாதிரி எடுத்தால் அதை இரு பகுதிகளாக்கி, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, மற்றொன்றைப் பத்திரப்படுத்துவார். முடிவு பாதகமாக இருந்தால் மேல்முறையீட்டில் மேலாய்வகத்துக்குப் போவது அந்த இரண்டாம் பகுதிதான்.