ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: அரசுப் பல்கலையா, தனியாரா?

எங்கள் பகிர்வு வீட்டுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டான்: "நீங்க செமஸ்டருக்கு எவ்வளவு கட்டுறீங்கண்ணா?" பயணச்சீட்டையும் சேர்த்து முந்நூறு சொச்சம் யூரோ என்றேன். "மாசத்துக்கா?" என்றான். ஆறு மாதத்துக்கு என்றதும் புளியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் சேர்ந்திருந்தது தனியார் பல்கலை. விண்ணப்பித்த ஐந்தாம் நாளே சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டதாம்.

நம்மூரில் அரசுக் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்று பழகிய கண்ணோடு ஜெர்மனியைப் பார்த்தால் பாதிதான் புரியும். கட்டண விஷயத்தில் கணக்கு ஏறக்குறைய அதேதான். அரசுப் பல்கலைகள் பெரும்பாலும் படிப்புக் கட்டணமே வாங்குவதில்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். விலக்குகள் உண்டு: ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை அவர்களிடம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. தனியாரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம்.

ஆனால் சேர்க்கை நடக்கும் விதம் வேறு. இங்கே நம்மூர் மாதிரிக் கட்-ஆஃபும் இல்லை, கவுன்சலிங்கும் இல்லை. அரசுப் பல்கலை முதலில் உங்கள் பாடங்களைப் பார்க்கும். கணிதத்தில் இத்தனை கிரெடிட், கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் இத்தனை என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒன்பது சிஜிபிஏ வைத்திருந்தாலும் அதில் ஆறு கிரெடிட் குறைந்தால் நிராகரிக்கப்படலாம். அதனால் தரவரிசையைப் பார்த்துப் பல்கலை தேடுவதற்கு முன், அந்தப் படிப்பின் மாடூல் கையேட்டை (பாடவாரியான விவரப் புத்தகம்) இறக்கி, உங்கள் சிலபஸோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மூன்றாண்டு பிஎஸ்சி, பிகாம் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று செமஸ்டரில் முடியும் மாஸ்டர்ஸ் பலவற்றுக்கு 210 கிரெடிட் இளநிலை கேட்பார்கள். மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாகக் கிடைப்பது 180.

அடுத்தது, நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றுவது. பவேரிய சூத்திரம் என்பார்கள்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். சிஜிபிஏ பத்துக்கு 7.5, தேர்ச்சிக்கு 5 என்றால் விடை 2.5. அதே 7.5-க்குத் தேர்ச்சிப் புள்ளி 6 என்று எடுத்துக்கொண்டால் விடை கிட்டத்தட்ட 2.9 ஆகிவிடும். ஜெர்மனியில் எண் குறைந்தால்தான் நல்லது. 2.5-க்கு மேல் போனால் பல படிப்புகளின் கதவு சாத்திவிடும். ஆகவே மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும் கிரேடு அட்டவணையையும் மறக்காமல் ஸ்கேன் செய்து போடுங்கள். அதை விட்டுவிட்டு அவதிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல அரசுப் பல்கலைகளுக்கு, வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொதுச் சேவையான யூனி-அசிஸ்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15, கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15 என்பது பொதுவான கடைசி நாள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ முடித்துவிடும் இடங்களும் உண்டு. பதில் வர வாரக்கணக்கில் ஆகும். நினைவூட்டி மின்னஞ்சல் போட்டாலும் வேகம் கூடாது.

தனியாரில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் சேர்க்கை நடக்கும். ஒரு ஆன்லைன் நேர்காணல், கடிதம், முன்பணம். அவ்வளவுதான். கன்சல்டன்சிகள் தனியாரையே ஏன் தள்ளுகிறார்கள் என்றால், கமிஷன் கிடைப்பது அங்கேதான். அதற்காகத் தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பிசினஸ் படிப்பில் பேர்போன தனியார் நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன, அவற்றில் இடம் பிடிப்பதும் எளிதல்ல. பணம் கட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். அரசு அங்கீகாரம் உண்டா என்பது முதலாவது. அங்கீகாரம் பெற்ற ஜெர்மன் பல்கலைகளைப் பட்டியலிடும் ஹோக்ஷூல்கொம்பாஸ் தளத்தில் அதன் பெயர் இருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? வகுப்பு நேரில்தானா? பாதிக்குப் பாதி ஆன்லைன் என்றால் மாணவர் விசாவே சிக்கலாகும்.

விசாவுக்கு இரண்டுக்கும் ஒரே சட்டம்தான். இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இலங்கையில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது தேவையில்லை. பிளாக்டு அக்கவுண்டில், அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் எடுக்கும் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். படித்து முடித்தபின் வேலை தேடக் கிடைக்கும் 18 மாதமும் இரு தரப்புக்கும் பொது. பிஎச்டி எண்ணம் இருந்தால் மட்டும் அரசுப் பல்கலைதான் நல்லது. முனைவர் பட்டம் தரும் உரிமை தனியாரில் சிலவற்றுக்கே உண்டு.

ஏற்கெனவே தனியாரில் சேர்ந்து வந்துவிட்டவர்கள் மாறலாம். இங்கிருந்தே அரசுப் பல்கலைக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் புதிய கடிதம் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் பதிவை ரத்து செய்யாதீர்கள். வசிப்பு அனுமதியின் துணைத்தாளில் பல்கலையின் பெயரும் படிப்பும் குறிப்பிட்டிருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே மாறுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் படிக்காத செமஸ்டருக்கும் கட்டணம் போகும்.

தம்பி கோடைப் பருவத்துக்கு இரண்டு இடங்களில் போட்டிருக்கிறான், யூனி-அசிஸ்டுக்கு மொத்தம் 105 யூரோ. முத்திரை வைத்த சிலபஸுக்காக அவனுடைய அப்பா ஊரில் கல்லூரிக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.