டிரான்ஸ்மிட்டர் சூடாகிறதா? முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள்

ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) செட்டில் பிடிடி-யை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்தியதும் பக்கத்து அறை ஸ்பீக்கர் உறுமுகிறது, செட்டின் பின்பக்கமும் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது என்றால், செட்டைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஆன்டெனா பக்கம்தான் இருக்கும்.

ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்கும் மின்தடை) மாட்டி, குறைந்த பவரில் சில நொடிகள் அனுப்பிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் செட் நல்லபடியாக இருக்கிறது. ஆன்டெனா, கேபிள், கனெக்டர், எர்த் இவற்றைச் சோதியுங்கள். நிற்கவில்லையென்றால் பவர் சப்ளையையும் அதன் ஒயர்களையும் சந்தேகப்படலாம்.

அடுத்து எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனா பக்கம் செட்டுடன் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் மீட்டர் அளவு. 1.5-க்குள் இருந்தால் நல்லது. 3-ஐத் தொட்டால் அனுப்பும் சக்தியில் 25 சதவீதம் திரும்பி வருகிறது. செட்டின் கடைசிக் கட்டத்தில் சக்தியைப் பெருக்கும் ஃபைனல் டிரான்சிஸ்டர்களுக்கு அது ஆகாது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: மழைநீர் இறங்கிய கேபிள் சக்தியைத் தானே விழுங்கிவிடும், அதனால் செட் பக்கத்து மீட்டர் பொய்யாக நல்ல அளவைக் காட்டும். முடிந்தால் ஆன்டெனா அடியிலும் அளந்து பாருங்கள். பழைய கனெக்டரைத் திறந்து பச்சை பூத்திருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரி, அப்புறமும் சூடா? எஃப்எம்-மில் பேசாமல் இருந்தாலும் முழு பவர் போய்க்கொண்டே இருக்கும். 50 வாட்ஸை 10-க்கு இறக்குங்கள், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தூசியைத் தட்டுங்கள், பின்னால் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஸ்பீக்கர் ஒயரை ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள பீங்கான்) வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றினால் மிச்ச உறுமலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.