பழைய கேபினெட்டில் புதிய எஸ்எம்பிஎஸ் மாற்றுவது எப்படி?

கிராபிக்ஸ் கார்டு சேர்த்த பிறகு, பாரமான வேலையின் நடுவில் என் கணினி தானாக அணைந்துகொண்டிருந்தது. கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் அந்தத் தொல்லை நின்றது. அதே வேலையை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அளவெடுத்தல். ஏடிஎக்ஸ் எனப்படும் வழக்கமான மேசைக் கணினி வகை எஸ்எம்பிஎஸ்ஸின் அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ. என்பது மாறாது. நீளம் மட்டும் பெரும்பாலும் 140 மி.மீ.-இல் தொடங்கி மாடலுக்கு மாடல் கூடும். ஆகவே பின்சுவரிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை அளந்து, வயர்கள் வளைவதற்கு இடம் விட்டு, எஞ்சிய நீளத்துக்கு ஏற்ப வாங்குங்கள். ஒல்லியான அலுவலகக் கேபினெட்டுகளில் பெரும்பாலும் வேறு வடிவமே பொருந்தும் என்பதால், பழையதைக் கழற்றி அளந்த பிறகே கடைக்குப் போவது நல்லது.

படி 2: தேர்வு. கிராபிக்ஸ் கார்டு நிறுவனம் பரிந்துரைக்கும் வாட் அளவைப் பின்பற்றினால் போதும். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 37 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 37 = 444 வாட்; 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது நேர்மையான கணக்கு. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாகங்களின் தரத்துக்கு அது உறுதி தராது.

படி 3: கழற்றுதல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின்புறமுள்ள நான்கு திருகாணிகளைக் கழற்றும்போது மறு கையால் பெட்டியைத் தாங்கிக்கொள்ளுங்கள். நுனியில் காந்தமுள்ள ஸ்டார் ஸ்குரூடிரைவர் இதற்கு மிகவும் ஏற்றது. எஸ்எம்பிஎஸ்ஸின் உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

படி 4: வயர்கள். அவசரப்படக் கூடாத படி இதுதான். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் வயர்களைத் தனியே கழற்ற முடியும் என்பதால், ஏற்கெனவே கேபினெட்டின் பின்பக்கம் அழகாகக் கட்டிவைத்த பழைய வயர்களை அப்படியே விட்டுவிட்டு, புதிய பெட்டியை மட்டும் அவற்றோடு இணைத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. மதர்போர்டு, டிஸ்க் பக்கத்து முனைகளுக்குப் பொதுவான தரநிலை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அது கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே பின்களின் (பிளக்கிலுள்ள உலோக ஊசிகளின்) வரிசை மாறக்கூடும், ஆனால் பிளக்கோ இடறாமல் உள்ளே போய்விடும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்தக் கணமே கருகிவிடும், அதிலுள்ள படங்களும் கோப்புகளும் அதோடு போகும். பழைய வயர்கள் எல்லாவற்றையும் உருவியெடுத்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒரே பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

படி 5: பொருத்துதல். கேபினெட்டின் அடியில் வலையுள்ள துளைகள் இருந்தால் மின்விசிறி கீழ்நோக்கியும், இல்லாவிட்டால் உள்நோக்கியும் இருக்க வேண்டும். மதர்போர்டின் மேல்மூலைக்குச் செல்லும் சிபியு (செயலி) வயரை முதலில் பின்பக்கமாக ஏற்றிவிட்டு, அடுத்து 24 பின் வயரையும், பிறகு மற்றவற்றையும் இணையுங்கள். சிபியு வயர் 4+4 என்றும், கிராபிக்ஸ் கார்டு வயர் 6+2 என்றும் பிரியும். இரண்டும் 8 பின் என்றாலும் மின்னோட்டம் தலைகீழ் என்பதால், இறுக்கமாக இருந்தால் அழுத்தாமல் வயரின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டையே சிறந்தது, ஏனெனில் பிளாஸ்டிக் டையை வெட்டும்போது வயரின் உறையும் வெட்டுப்படலாம்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்தவர்களில் சிலர், மின்விசிறிகள் சுழன்றும் திரையில் எதுவும் வரவில்லை என்று கேட்டார்கள். சிபியு வயர் ‘டிக்’ என்று பூட்டியிருக்கிறதா என்பதையும், மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் மின்விசிறி மட்டும் சுழலவில்லை என்றால் கவலை வேண்டாம். சுமை குறைவாக இருக்கும்போது அதை நிறுத்திவைக்கும் வசதி பல புதிய மாடல்களில் உண்டு, பின்புறம் அதற்கான சுவிட்சும் சிலவற்றில் இருக்கும்.