ஆஃபர் லெட்டரை ஞாயிற்றுக்கிழமை படியுங்கள், ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்

வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே ஒரு தாள், அதை அப்புறம் ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. ராஜினாமா கொடுக்கப் போன அன்றுதான் நோட்டீஸ் காலம் ஒரு மாதமல்ல, மூன்று மாதம் என்று தெரிந்தது. மேனேஜர் மேல் கடுப்பில் இருக்கும்போது அதைப் படித்தால் ஒவ்வொரு வரியும் சதியாகத்தான் தெரியும். அதனால் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

வேலை நேரம், ஓவர்டைமுக்கு என்ன கணக்கு, எடுக்காமல் விட்ட லீவு என்னாகும், நீங்கள் விலகினால் எத்தனை நாள், அவர்கள் அனுப்பினால் எத்தனை நாள், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா: இவை எங்கே இருக்கின்றன என்று தேடிப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்று மிரட்டினால் உடனே அடங்கிப் போக வேண்டியதில்லை. சட்டம் தரும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகிற நிபந்தனை, கையெழுத்து இருந்தாலும் பொதுவாகச் செல்லாது.

அந்தக் குறைந்தபட்சம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையின் தளத்தில் தேடிப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இருக்கிறது. அது 1919இல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 1970இல் வந்த இன்னொன்று, வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் இவை கட்டுப்படுத்தும், இருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றும் பேராசை இல்லை என்று சொல்ல இது போதும்.

சம்பளச் சீட்டை எடுத்தால் கடைசி வரியில் இருக்கிற தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். இரண்டு மாதச் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதிதாக ஒரு பிடித்தம் முளைத்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள். ஓய்வுக்கால நிதிக்கென்று பிடித்தது உண்மையிலேயே உங்கள் கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள், பிடிப்பது ஒன்று, கட்டுவது வேறொன்று.

இப்போது நோட்டு விஷயம். எனக்குத் தெரிந்து இதைவிட உபயோகமான ஆயுதம் இல்லை. தேதி, நேரம், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார், அவ்வளவுதான். "செவ்வாய் இரவு 9.40. மேனேஜர் போன். ஞாயிறும் வரச் சொன்னார். ஓவர்டைம் உண்டா என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்." திட்டி எழுத வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும், ஆறு மாதம் கழித்து வேறொருவர் படித்தாலும் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னதை அன்றைக்கே மெயிலில் போட்டுவிடுங்கள்: "வணக்கம் சார், மதியம் பேசியபடி ஞாயிறு வருகிறேன், ஈடாக புதன்கிழமை விடுப்பு என்றீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானே?" பதில் வராவிட்டாலும் அந்த மெயில் ஒரு சாட்சி. நோட்டு வீட்டில் இருக்கட்டும், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம், உங்களை வேலையிலிருந்து அனுப்பும் அன்றே லேப்டாப்பைத்தான் முதலில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கம்பெனியின் ரகசியக் கோப்புகளை மட்டும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், பாதிக்கப்பட்டவர் நீங்களாக இருந்தும் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

உடம்புக்கு வருவோம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நோட்டில் மணிக்கணக்கையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான், நாம் நினைப்பதைவிட அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். வேலையால் வருகிற 'பர்ன்அவுட்'டுக்கு அதே சுகாதார அமைப்பு மூன்று அடையாளம் சொல்கிறது: தீராத அசதி, வேலையை நினைத்தாலே ஒரு வெறுப்பு, என்ன செய்தும் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம். இதை சோம்பேறித்தனம் என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள், அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

தொல்லை என்றால் கை வைத்தால்தான் தொல்லை என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் கொண்டுவந்த 190ஆம் உடன்படிக்கைப்படி ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது தொல்லைதான், வேலை தொடர்பான மெசேஜிலும் பயணத்திலும் நடப்பதும் இதில் அடங்கும்.

புகார் கொடுப்பதானால் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். எச்.ஆர். நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குச் சம்பளம் தருவதும் அதே கம்பெனிதான், அதனால் சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. பல இடங்களில் புகாருக்குக் கெடு உண்டு, ஆறப் போட்டால் உரிமையே போய்விடும். கோபத்தில் ராத்திரி ராஜினாமா மெயில் தட்டாதீர்கள், நீங்களாக விலகினால் சில சலுகைகள் கிடைக்காமல் போகலாம். விலகும்போது "எல்லா நிலுவையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் அதில் பேனாவை வைக்காதீர்கள்.