மேனேஜ்டு கிளவுட் சர்வரில் எலாஸ்டிக்சர்ச்: தமிழ் வேர்ட்பிரஸ் தளத்துக்குத் தேடல் அமைப்பது எப்படி?

வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், டேட்டாபேஸில் பதிவு பதிவாகத் துழாவும். சில நூறு பதிவுகளுக்கு அது போதும். பல்லாயிரம் ஆனால் தளமே திணறும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளோ நூலின் பின்பக்கச் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புதான் இன்டெக்ஸ். நிறுவுவது எளிது. தமிழுக்குப் பழக்குவதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் ரேமைப் பாருங்கள். எலாஸ்டிக்சர்ச் ஜாவாவில் ஓடுவது. ஹீப் எனப்படும் அதன் நினைவகத்துக்கு மொத்த ரேமில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. தளமும் டேட்டாபேஸும் அதே சர்வரில் இருந்தால் இன்னும் குறைவாகக் கொடுங்கள். 2 ஜிபி சர்வரில் மூன்றையும் நெருக்கினால், ரேம் தீரும்போது லினக்ஸ் ஏதாவது ஒரு புரோசஸை நிறுத்திவிடும். பலியானது டேட்டாபேஸ் என்றால் தளம் மொத்தமாக விழும். தேடலை யாரும் சந்தேகிக்கவே மாட்டார்கள். 4 ஜிபியில் தொடங்குங்கள்.

படி 1: மேனேஜ்டு சர்வரில், அதாவது பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் சர்வரில், பொதுவாக ரூட் அனுமதி (முழுக் கட்டுப்பாடு) கிடைக்காது. கன்ட்ரோல் பேனலில் பேக்கேஜ் பகுதிக்குப் போய் எலாஸ்டிக்சர்ச்சை இயக்க வேண்டும், கிளவுட்வேஸ் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தில் அப்படித்தான். அதற்கு முன், வேர்ட்பிரஸை எலாஸ்டிக்சர்ச்சோடு இணைக்கும் எலாஸ்டிக்பிரஸ் ப்ளகின் எந்தப் பதிப்புகளை ஏற்கிறது என்று பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள். புதியது என்பதற்காக ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு இறக்குவது பெரும் தொல்லை.

படி 2: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போய், கர்ல் கட்டளையால் லோக்கல்ஹோஸ்டின், அதாவது அந்தச் சர்வரின், 9200 போர்ட்டைக் கேளுங்கள்; எலாஸ்டிக்சர்ச் பதில் சொல்லும் வாசல் அது. பதிப்பு எண்ணும், கடைசியில் 'யூ நோ, ஃபார் சர்ச்' என்ற வரியும் வந்தால் எஞ்சின் ஓடுகிறது. அடுத்து உங்கள் வீட்டுக் கணினியின் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியோடு 9200 சேர்த்துத் திறந்து பாருங்கள். அது திறக்கவே கூடாது. திறந்தால் ஃபயர்வாலில் உடனே மூடுங்கள். 8-ஆம் பதிப்புக்கு முன் கடவுச்சொல் பாதுகாப்பு இயல்பாக இயங்காது. 2017-இல் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான சர்வர்களின் தரவை ஹேக்கர்கள் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள்.

படி 3: எலாஸ்டிக்பிரஸை நிறுவி, ஹோஸ்ட் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட், 9200 கொடுத்துச் சேமியுங்கள். பிறகு சிங்க் பொத்தானை அழுத்துங்கள்; பதிவுகள் எல்லாம் எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போகும். பாதியில் நின்றால் ஒரு தடவைக்கு அனுப்பும் பதிவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

படி 4, தமிழ். பழைய தேடலில் 'புத்தக' என்று அடித்தால் 'புத்தகம்', 'புத்தகத்தை' இரண்டும் வந்திருக்கும். இப்போது முழுச்சொல் பொருந்த வேண்டும் என்பதால் விடுபடலாம். தீர்வு எட்ஜ் என்கிராம்: ஒவ்வொரு சொல்லின் தொடக்கத் துண்டுகளையும் இன்டெக்ஸில் சேர்ப்பது. ப்ளகினின் மேப்பிங் ஃபில்டர் (இன்டெக்ஸின் அமைப்பை நிரல் வரிகளால் மாற்றும் இடம்) வழியாக இதைச் சேர்க்கலாம். குறைந்த நீளம் 2, அதிகம் 20 வையுங்கள். இந்த எண் யுனிகோடு குறிகளைத்தான் எண்ணும், நம் எழுத்துகளை அல்ல. 'பு' என்பதே இரண்டு, 'புத்தகம்' எட்டு.

இன்டெக்ஸுக்கு மட்டும்தான் இந்தத் துண்டாக்கல். தேடும் சொல்லையும் துண்டாக்கினால் 'பு' என்று தொடங்கும் எல்லாமே வந்து குவியும். தேடும் சொல்லுக்குத் தனி அனலைசர் (சொல்லைப் பக்குவப்படுத்தும் பகுதி) வைத்து, அதில் ஒரு பேட்டர்ன் ரீப்ளேஸ் விதி, அதாவது குறிப்பிட்ட வடிவத்தைக் கண்டால் மாற்றும் விதி, போடுங்கள்: அகர உயிர்மெய்யை அடுத்து, சொல்லின் இறுதியில் நிற்கும் 'ம்' மட்டும் நீங்க வேண்டும். 'மரம்' என்று தேடினால் 'மர' ஆகி, 'மரத்தில்', 'மரங்கள்' இரண்டையும் பிடிக்கும்; 'நாம்', 'செய்வோம்' அப்படியே இருக்கும். 'மரபு'ம் கூடவே வரும். அந்த விலை கொடுக்கத் தகுந்ததுதான். அனலைசரை மாற்றியபின் பழைய இன்டெக்ஸை அழித்துவிட்டு முழு சிங்க் செய்தால்தான் பலன் தெரியும்.

கிளஸ்டர் நிலை (எலாஸ்டிக்சர்ச்சின் ஒட்டுமொத்த நலம்) மஞ்சளாகக் காட்டினால் பதற வேண்டாம். ஒரே சர்வரில் மூலமும் அதன் நகலும் சேர்ந்து இருக்க முடியாது. ரெப்ளிகா (நகல்) எண்ணிக்கையை 0 ஆக்கினால் பச்சையாகிவிடும். புதிய பதிவுகள் தேடலில் வராமலே போனால் டிஸ்க்கைப் பாருங்கள். 95 சதவீதம் நிரம்பியதும் இன்டெக்ஸ் எழுத மறுக்கும். பழைய பேக்கப்புகளை நீக்கி 90-க்குக் கீழே கொண்டுவந்தால், 7.4 முதலான பதிப்புகளில் பூட்டு தானே விலகும். அதற்கு முந்தைய பதிப்பென்றால் அந்தப் பூட்டை நீங்களே நீக்க வேண்டும்.